கம்பிக்கு அப்பால் ஒரு தந்தை
(சிறைப்பணி ஞாயிறன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



1941-ஆம் ஆண்டு. அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதி ஒருவர் தப்பிவிட்டார் என்பதற்காக, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லும்படி நாசி அதிகாரி ஆணையிடுகிறான். அந்தப் பத்துப் பேரில் ஒருவர், கயோவ்னிச்செக் என்னும் போலந்துப் படைவீரர். மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் வாய்விட்டு அழுகிறார். அந்த அழுகையைக் கேட்டு முன்வந்தவர்தான் புனித மாக்சிமிலியன் கோல்பே. அவருக்குப் பதிலாக ஆகஸ்ட் 14 அன்று உயிர் துறந்தார்.

இது நமக்குத் தெரிந்த வரலாறு. பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கயோவ்னிச்செக் பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் அவருடைய இரு மகன்களும் போரின் இறுதியில் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். எந்தப் பிள்ளைகளுக்காக அழுதாரோ, அவர்களை அவர் மீண்டும் பார்க்கவில்லை.

அவர் குற்றமற்றவர். இன்று நம் சிறைகளில் இருப்பவர்களில் குற்றம் செய்தவர்களும் உண்டு, செய்யாதவர்களும் உண்டு. நம் நாட்டுச் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர், தீர்ப்புக்குக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். எப்படியிருந்தாலும், தந்தை சிறைக்குப் போகும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்று இன்று சற்று சிந்திப்போம்.

முதலாவது, பொய். "அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்" என்று வீட்டில் சொல்கிறார்கள். பிள்ளை வருந்தக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பள்ளியிலோ தெருவிலோ யாரோ ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். அன்று அந்தப் பிள்ளை தாயின் மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்து இழக்கிறது. சிறு பிள்ளைகள் சிலர், 'நான் சேட்டை செய்ததால்தான் அப்பா போய்விட்டார்' என்றும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, தொடுதல் இல்லாமை. சிறையில் 'மனு பார்க்க'ப் போகும் தாய் ஒருநாள் கூலியை இழக்கிறார். பேருந்து, வரிசை, சோதனை எல்லாம் முடிந்து கிடைப்பது சில நிமிடங்கள். சுற்றிலும் எல்லாரும் உரக்கப் பேசும் இரைச்சலில், கம்பி வலைக்கு அப்பால் ஒரு முகம். கைக்குழந்தை பயந்து அழுகிறது. நம் நாட்டில் சிறையிலிருக்கும் தாய், தன் குழந்தையை ஆறு வயது வரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. தந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மூன்றாவது, வெட்கம். "என்னை இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம், பிள்ளையைக் கூட்டிவராதே" என்று தந்தையே சொல்லிவிடுகிறார். அவர் அன்பினால் சொல்வது, 'அப்பாவுக்கு நான் வேண்டாம்' என்றே பிள்ளையின் காதில் விழுகிறது.

நெல்சன் மண்டேலா 27 ஆண்டுகள் சிறையிலிருந்தார். ராபன் தீவில் 2 வயதுக்கு மேல் 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் தந்தையைப் பார்க்க அனுமதியில்லை. 1969-இல் அவருடைய மூத்த மகன் விபத்தில் இறந்தபோது, அடக்கத்திற்குப் போகவும் அவரை விடவில்லை. விடுதலையான பிறகும், இழந்த அந்த ஆண்டுகளை அவரால் தம் பிள்ளைகளுக்குத் திருப்பித் தர முடியவில்லை. உலகமே போற்றிய தலைவருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத ஒரு கைதியின் நிலை என்ன?

விடுதலை நாளோடு துன்பம் முடிந்துவிடுவதில்லை. மூன்று வயதில் விட்டுப்போன மகள் இப்போது பத்து வயதுச் சிறுமி. வீட்டு முடிவுகளை எல்லாம் தாய் தனியாக எடுத்துப் பழகிவிட்டார். இழந்த இடத்தை ஒரே நாளில் பிடிக்க நினைத்துத் தந்தை அதட்டுகிறார். "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?" என்று பிள்ளை கேட்கிறது. பல வீடுகள் மறுபடியும் உடைவது இந்தக் கேள்வியில்தான்.

சிறைப்பணியின்போது நான் சந்தித்த ஒருவர் என்னிடம் பணம் கேட்கவில்லை, வழக்கறிஞரைக் கேட்கவில்லை. "சாமி, என் பையனோட ரேங்க் கார்டைக் கொண்டுவர முடியுமா? நான் கையெழுத்துப் போடணும்" என்றார். சிறை அதிகாரி அனுமதித்தார். 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அவர் நிதானமாகத் தம் பெயரை எழுதினார். கணக்கில் மதிப்பெண் குறைவு. அடுத்த முறை இன்னும் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள் என்றார். அந்த ஒரு நிமிடம் அவர் கைதி அல்ல, தகப்பன்.

அன்பார்ந்தவர்களே, எல்லாச் சந்திப்பும் நன்மை தரும் என்று நான் சொல்லவில்லை. தந்தையின் கையாலேயே அடிபட்ட பிள்ளைக்குப் பாதுகாப்புதான் முதலில் வேண்டும். தந்தையின் குற்றத்தால் துன்புற்ற குடும்பத்தின் பிள்ளைகளையும் நாம் மறக்கக்கூடாது. மற்றபடி, நம்மால் செய்யக்கூடியவை உண்டு. பிள்ளையிடம் அதன் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லத் தாய்க்குத் துணைநிற்போம். கடிதமும் படமும் தந்தைக்குப் போய்ச்சேர வழிசெய்வோம். மனு பார்க்கப் போகும் நாளில் பயணச்செலவை அன்பியம் ஏற்கலாம். மறைக்கல்வி வகுப்பிலும் புதுநன்மை நாளிலும் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கட்டும். அதன் தந்தையைப் பற்றி அதன் காதுபட யாரும் பேசாதிருப்போம்.

சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவது தம்மையே பார்க்க வருவது என்றார் ஆண்டவர். அவருடைய பிள்ளையைத் தேடிப்போவதும் அதில் அடங்கும். அந்தப் பிள்ளையின் வீடு நம் தெருவிலேயே இருக்கலாம். இந்த வாரம் அந்தக் கதவைத் தட்டுவோமா?

இறைவன் உங்களையும், கம்பிக்கு அப்பாலிருக்கும் தந்தையரையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.