பதினைந்து நிமிடம் நிற்க முடியுமா?



கெமிஸ்ட்ரி லேப் பக்கம், தொழிற்சாலையில் ஆசிட் டேங்க் பக்கம் ஒரு பைப் நிற்கும். மேலே அகலமான ஷவர், தொங்கும் இழுப்புக் கம்பி. அதுதான் சேஃப்டி ஷவர். அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அப்பா டேங்கர் லாரியில் கிளீனராக இருந்தவர். வெளி மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் காஸ்டிக் இறக்கும்போது ஹோஸ் நழுவி, இடது தோளில் கொட்டிவிட்டது. மே மாதம், மத்தியானம். ஓடிப்போய் ஷவர் கம்பியை இழுத்தார். பத்து எண்ணுவதற்குள் வெளியே குதித்துவிட்டார். "தண்ணியே கொதிச்சுது கண்ணு. காஸ்டிக் சுடுதா தண்ணி சுடுதான்னே தெரியல" என்பார். தழும்பு இன்னும் இருக்கு.

அவர் நிற்க வேண்டியது பத்து நொடி அல்ல, 15 நிமிடம் என்று நான் டிப்ளமோ படிக்க வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

விதி என்ன சொல்கிறது?

இந்தச் சாதனத்துக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 10592 என்ற தரம் 1982-லேயே வந்துவிட்டது. உலகம் முழுவதும் பார்ப்பது அமெரிக்கத் தரமான ஏ.என்.எஸ்.ஐ. இசட் 358.1. அதன்படி:

1. ஆபத்தான இடத்திலிருந்து 10 நொடியில் ஷவரை அடைய வேண்டும்.
2. வால்வு 1 நொடியில் திறந்து, கையை எடுத்தாலும் திறந்தே நிற்க வேண்டும்.
3. நிமிடத்துக்கு சுமார் 76 லிட்டர் வீதம் 15 நிமிடம் நீர் வர வேண்டும்.
4. நீரின் வெப்பம் 16 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும்.

நாலாவது விதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நீர் ரொம்ப ஜில்லென்று இருந்தால் உடல் விறைத்துப்போகும். 38-ஐத் தாண்டினால் கண்ணுக்குக் கெடுதல், தோலில் ரசாயனத்தின் வேகமும் கூடும். எப்படியானாலும் ஆள் பாதியில் வெளியே வந்துவிடுவார்.

ஹீட்டர் எங்கே வேண்டும்?

சேலம், நாமக்கல் சமவெளியில் நமக்குப் பகை குளிர் அல்ல, வெயில். ஆனால் ஏற்காட்டில், ஓசூரில், வெளிநாட்டில் வேலைக்குப் போனால் ஹீட்டரும் நம் பொறுப்பாகலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 15 டிகிரி நீரை 25 டிகிரிக்கு ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு 76 லிட்டர். ஓடும் நீரை அப்படியே சூடாக்க சுமார் 53 கிலோவாட் வேண்டும். வீட்டு கெய்சரோ 2, 3 கிலோவாட்தான்! அதனால் பெரிய டேங்கில் 60 டிகிரியில் நீரைத் தயாராக வைத்து, கலப்பு வால்வில் குளிர்ந்த நீருடன் சேர்த்து அனுப்புவார்கள். 15 நிமிடத்துக்குக் கணக்குப்படி சுமார் 250 லிட்டர் சுடுநீர் போதும். நடைமுறையில் அதைவிடப் பெரிய டேங்க் வைக்க வேண்டும்.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை: ஷவரைத் திறந்து துருநீர் போகும்வரை ஓடவிடுங்கள். தெர்மாமீட்டர் பிடித்து வெப்பத்தைக் கார்டில் எழுதுங்கள். வெறும் டிக் போதாது.

மாதம் ஒரு முறை: ஹீட்டரின் ரிலீஃப் வால்வு, தெர்மோஸ்டாட், எர்த், கசிவு பாருங்கள்.

வருடம் ஒரு முறை: மெயினை அணைத்து, நீர் ஆறிய பின் டேங்கைக் காலி செய்து வண்டலை எடுங்கள். போர் தண்ணீரின் உப்பு காயிலில் கெட்டியாகப் படியும், அதைச் சுரண்டுங்கள். கரைந்துபோன மெக்னீசியம் ஆனோடை மாற்றுங்கள். பிறகு முழுசாக 15 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கலப்பு வால்வையும் சோதியுங்கள்: சுடுநீர் நின்றால் குளிர்நீர் தொடர்ந்து வரணும்; குளிர்நீர் நின்றால் சுடுநீர் தானாக அடைபடணும்.

நம்ம ஊருக்கு

மேட்டூரில் 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்தது முதல் ரசாயனத் தொழில் நமக்குப் புதிதல்ல. சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகட்டை ஆசிட்டில்தான் சுத்தம் செய்கிறார்கள். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பேட்டரி ஆசிட் தினசரி சமாச்சாரம்.

நான் பயிற்சிக்குப் போன ஒரு தொழிற்சாலையில் கார்டில் வாராவாரம் டிக் இருந்தது. சோதனை நேரம் காலை 7 மணி. "அண்ணே, ரெண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டேன். சூப்பர்வைசர் சிரித்தார். ஆனாலும் வந்தார். தெர்மாமீட்டர் 46 காட்டியது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

பரிகாரம் பெரிய செலவு இல்லை. வெயில் படும் பைப்பை மண்ணுக்குள் புதைக்கலாம் அல்லது வெப்பக்காப்பு சுற்றலாம். டேங்குக்கு நிழல் போடலாம். சூடு ஏறினால் தானே திறந்து பைப்பில் நிற்கும் நீரை வெளியேற்றும் வால்வும் கிடைக்கிறது.

நாளை நம்மில் பலர் அந்தக் கார்டில் கையெழுத்துப் போடப் போகிறோம். சோதனையை நமக்கு வசதியான நேரத்தில் செய்யாதீர்கள். வெயில் ஊரில் மே மாத மத்தியானம், குளிர் ஊரில் மார்கழி விடியற்காலை செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தத் தண்ணீரில் என் அப்பா 15 நிமிடம் நிற்க முடியுமா?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை