மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற வழிகாட்டிக் கருவி

முன்பின் அறியாத ஊருக்குப் பயணம் புறப்படுவோருக்கு முதலில் வேண்டுவது வழி பற்றிய தெளிவு. காரில் செல்வோர்க்கு இதில் பல வசதிகள் உண்டு. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லலாம். கருவி ஒன்று இருந்தால், அது வெயிலும் மழையும் படாத இடத்தில் அசையாது நிற்கும். மோட்டார் சைக்கிளில் தனியே செல்பவருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. வலக்கை வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முன்சக்கரப் பிரேக்கைப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது; இடக்கை கிளச்சைப் பற்றியிருக்கிறது; கால்கள் இரண்டும் கியருக்கும் பின் பிரேக்குக்கும் உரியன. தலைக்கு மேலே கூரை இல்லை. இத்தகையவருக்கு உதவும் வழிகாட்டிக் கருவியை எவ்வாறு தெரிந்தெடுப்பது, வண்டியில் எங்கே, எவ்வாறு பொருத்துவது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவைக் கடக்கிறது. ஓட்டுபவர் சாலையினின்று கண்ணை எடுத்து இரண்டே விநாடி கருவியைப் பார்த்தாரானால், அதற்குள் வண்டி ஏறக்குறைய 33 மீட்டர் சென்றுவிடும். அத்துணைத் தொலைவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு ஒப்பாகும். அந்த இடைவெளியில் ஒரு குழந்தை சாலையின் குறுக்கே ஓடி வரலாம். முன்னே செல்லும் லாரி திடீரென நிற்கலாம். ஆகவே, எந்தக் கருவியை எங்கே பொருத்தினால் கண் மிகக் குறைந்த நேரம் சாலையை விட்டு விலகும் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. விலையும் அழகும் வேறு சிறப்புக்களும் இதற்கு அடுத்தபடியே.

இனி, கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். ஜி.பி.எஸ். என்று உலகெங்கும் வழங்கும் அமைப்பு அமெரிக்க நாட்டினுடையது. அதன் முதற் செயற்கைக்கோள் 1978-ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. முழு அமைப்பும் 1995-ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. பூமியினின்று ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இச்செயற்கைக்கோள்கள் நாள்தோறும் இருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும், தான் இருக்கும் இடத்தையும் ரேடியோ அலைகளின் மூலம் இடைவிடாது அறிவித்துக்கொண்டேயிருக்கிறது. அலை நம்மை வந்தடைய ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு அளவான காலம் பிடிக்கும். அந்தக் காலத்தை அளந்தால் தொலைவு தெரியும். மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா?

ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் கையிலுள்ள கருவியில் அணுக் கடிகாரம் இல்லை. அதன் கடிகாரம் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். இப்பிழையையும் கணக்கிட்டு நீக்குவதற்கு நான்காவது செயற்கைக்கோள் ஒன்று தேவைப்படுகிறது. ஆதலால் வானத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களையேனும் கருவி காணவேண்டும். தொடக்கத்தில் பொதுமக்களுக்குரிய அலைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது நீக்கப்பட்டது. அதன் பிறகே சாலைப் பயணத்திற்கு இக்கருவி நம்பத்தக்க துணையாயிற்று. இன்று ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய அமைப்புக்களின் அலைகளையும் பல கருவிகள் பெறுகின்றன. திறந்த வெளியில் சில மீட்டர் அளவுக்குள் நம் இடத்தைக் காட்டிவிடுகின்றன.

இவ்விளக்கத்திலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கருவிக்கு வானம் தெரியவேண்டும். மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் புகழ்பெற்ற இமயமலைச் சாலையை எடுத்துக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கம் அச்சாலையில் உள்ளது. அதன் நீளம் 9 கிலோமீட்டர். அதனுள் செயற்கைக்கோளின் அலை எட்டாது. வண்டி எங்கேயிருக்கிறது என்பதைக் கருவி ஊகிக்கலாமேயன்றி அறிய இயலாது. செங்குத்தான மலை இடுக்குகளிலும், நெருங்கிய உயர் கட்டடங்களின் நடுவிலும் வானம் குறுகிவிடுவதாலும் அலைகள் மோதித் திரும்புவதாலும் இடம் சற்றுப் பிசகக்கூடும்.

இரண்டாவது, நின்றுகொண்டிருக்கும் வண்டி எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோளின் அலை சொல்லாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்த பின்னரே, கருவி அவ்விரண்டையும் ஒப்பிட்டுத் திசையை அறிகிறது. காந்தத்தைக் கொண்டு திசையறியும் உறுப்பு சில கருவிகளில் உண்டெனினும், இரும்பும் மின்னோட்டமும் அருகில் இருந்தால் அது தவறக்கூடும். எனவே நாற்சந்தியில் நின்று புறப்படும்போது, திரையிலுள்ள அம்புக்குறியை உடனே நம்பிவிடலாகாது.

மூன்றாவது, செயற்கைக்கோள் நமக்குத் தருவது இடத்தை மட்டுமே, சாலையை அன்று. சாலையைக் காட்டுவது மனிதர் வரைந்த வரைபடம். நம் முன்னோர் ஆற்றுப்படை என்னும் ஓர் இலக்கிய வகையையே படைத்தனர். பரிசில் பெற்று வருபவன், பெறச் செல்பவனுக்கு வழி கூறுவதாக அமைந்தது அது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் மலைவழியில் உள்ள குழிகளையும் வழுக்கும் பாறைகளையும் எடுத்துக்கூறி எச்சரிக்கிறது. அவ்வழியில் நடந்தவன் கூறும் சொல்லாக அது அமைந்திருக்கிறது. நம் கருவியோ எந்த வழியிலும் நடந்ததன்று. நேற்றைய மழையில் பாலம் உடைந்தது அதற்குத் தெரியாமற் போகலாம். மிகக் குறுகிய வழி என்று அது காட்டுவது ஒரு மாட்டுவண்டித் தடமாகவும் இருக்கலாம்.

இனித் தெரிந்தெடுக்கும் முறையைக் காண்போம். நம்முன் இருவகைக் கருவிகள் உள்ளன. ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட தனிக் கருவி. கார்மின் நிறுவனத்தின் சூமோ, டாம்டாம் நிறுவனத்தின் ரைடர் போன்றவை இவ்வகையின. மற்றொன்று, நம்மில் பலரிடமும் இருக்கும் கைப்பேசி. தனிக் கருவி விலை மிகுந்தது. ஆனால் மழைக்கும் அதிர்ச்சிக்கும் ஈடுகொடுக்கும்படி அமைந்தது. கைப்பேசிக்குத் தனியே செலவில்லை. அதன் வரைபடம் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. எது நல்லது என்பதை நம் பயணமே முடிவு செய்யவேண்டும். நகருக்குள்ளும், மழையற்ற நாட்களில் பக்கத்து ஊர்களுக்கும் செல்பவருக்குக் கைப்பேசியே போதும். பல நாட்கள், பலவகைத் தட்பவெப்பத்தில் நெடும்பயணம் செய்பவர் தனிக் கருவியைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம்.

எதுவாயினும் அதை ஐந்து வகையில் சோதித்தறிதல் நலம். முதலாவது, நண்பகல் வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறதா? கடையின் நிழலில் பளிச்சிடும் திரை வெளியே மங்கிவிடலாம். சிலவகைக் குளிர்கண்ணாடிகளை அணிந்து பார்த்தால் திரை கறுத்தே தோன்றும். ஆதலால் அணியப்போகும் கண்ணாடியுடனே பார்க்கவேண்டும். இரண்டாவது, கையுறையுடன் தொட்டால் இயங்குகிறதா? பெரும்பாலான கைப்பேசித் திரைகள் விரலின் மின் தன்மையை உணர்ந்து இயங்குவன; சாதாரணக் கையுறையை அவை உணர்வதில்லை. மூன்றாவது, நீரைத் தாங்குமா? பெட்டியின்மேல் ஐ.பி. 67 என்று குறித்திருந்தால், தூசி உட்புகாது என்பதும், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கேடில்லை என்பதும் பொருள். நான்காவது, வெப்பத்தைத் தாங்குமா? வெயிலில் மின்னூட்டிக்கொண்டே ஓடும் கைப்பேசி மிகச் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் திரையை மங்கச் செய்யும். சிலபோது முற்றும் அணைந்துவிடும். ஐந்தாவது, வரைபடம் கருவியினுள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறதா? செயற்கைக்கோளின் அலையைப் பெறக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் பல கைப்பேசிகளில் வரைபடம் அக்கோபுரத்தின் வழியேதான் வருகிறது. மணாலி – லே சாலையில் கோபுரங்கள் எட்டாத நெடும் பகுதிகள் உண்டு. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்காதவருக்கு, வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டுமே அங்கே தெரியும்.

கைப்பேசியைப் பொருத்துவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது அதன் பிஸ்டன் விநாடிக்கு 50 முறை மேலும் கீழும் பாய்கிறது. அந்த அதிர்வு வண்டியின் சட்டம் வழியே ஹாண்டில்பாரை அடைகிறது. இக்காலக் கைப்பேசிகள் பலவற்றின் காமிராவில், கைநடுக்கத்தைச் சரிசெய்வதற்காக லென்ஸ் மிக நுண்ணிய முறையில் அசையுமாறு அமைக்கப்பட்டுள்ளது. வலிமை மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு நெடுங்காலம் பட்டால் அவ்வமைப்புக் கெடக்கூடும் என்று 2021-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனமே தன் கைப்பேசிகளைப் பற்றி எச்சரித்தது. அதிர்வைத் தணிக்கும் தாங்கியைப் பயன்படுத்துமாறும் கூறியது. பழைய கைப்பேசி ஒன்றை இதற்கென ஒதுக்குவதும் நல்ல வழியே.

அடுத்தது, பொருத்தும் இடம். பெட்ரோல் தொட்டியின் மேலுள்ள பையில் கருவியை வைப்போர் உளர். அதைப் பார்க்கத் தலையையே தாழ்த்தவேண்டும். அப்போது சாலை முற்றிலும் மறைகிறது. ஹாண்டில்பாரின் ஓரத்தில் பொருத்தினால் கண் பக்கவாட்டில் திரும்பவேண்டும். வேகமானிக்குச் சற்று மேலே, பார்வை செல்லும் கோட்டுக்கு அருகில் அமைவதே சிறந்தது. அவ்வாறு அமைந்தால் தலையை அசைக்காமல் கண்ணைச் சிறிது தாழ்த்தினாலே போதும். அதற்கு வசதியில்லாத வண்டிகளில் ஹாண்டில்பாரின் நடுப்பகுதி ஏற்றது. வேகமானியையும் எச்சரிக்கை விளக்குகளையும் கருவி மறைத்தல் கூடாது.

தாங்கியின் கை குட்டையாக இருக்கவேண்டும். மூங்கிற்கழி ஒன்றின் நுனியைப் பற்றி ஆட்டிப் பாருங்கள். கழி நீள நீள மறுமுனையின் ஆட்டமும் மிகும். தாங்கியும் அத்தகையதே. ரப்பர் பூசிய ஓர் அங்குல உருண்டை இரண்டை ஒரு கை கவ்விப் பிடிக்கும் தாங்கிகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. கருவியை வேண்டிய கோணத்தில் திருப்பி இறுக்குவதற்கு அவை வசதியானவை. கருவியின் அடித்தட்டில் 30 மில்லிமீட்டருக்கு 38 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளைகள் இருக்குமாயின், பல நிறுவனங்களின் தாங்கிகளும் அதற்குப் பொருந்தும். எந்தத் தாங்கியாயினும், அது கழன்றாலும் கருவி சாலையில் விழாதபடி வலுவான சிறு கயிறு ஒன்றால் வண்டியுடன் பிணைத்து வைப்பது நல்லது.

மின்சாரம் தரும் முறையிலும் கவனம் தேவை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பாட்டரி 12 வோல்ட்டு. கைப்பேசிக்குத் தொடக்கத்தில் வேண்டுவது 5 வோல்ட்டு. ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் உறுப்பு ஒன்று இடையே வேண்டும். பாட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் அமைக்கவேண்டும். கம்பி எங்கேனும் உராய்ந்து உறை கிழிந்தால், தீப்பற்றாமல் காப்பது அதுவே. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பாயுமாறு இணைத்துவிட்டால், இரவெல்லாம் பாட்டரி வீணாகாது. எல்லாம் முடிந்தபின் ஹாண்டில்பாரை இடப்புறமும் வலப்புறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கவேண்டும். கம்பி இழுபட்டாலோ, கருவி தொட்டியில் இடித்தாலோ, வேலை இன்னும் முடியவில்லை என்று கொள்க.

கருவியைப் பொருத்துவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பயன்படுத்தும் முறையும் உண்டு. போய்ச் சேரும் இடத்தைப் புறப்படுமுன்பே குறித்துவிடவேண்டும். ஓடும் வண்டியில் திரையைத் தொடுதல் ஆகாது. தலைக்கவசத்தினுள் சிறு ஒலிபெருக்கி வைத்து, வழியைக் குரலாகக் கேட்பது கண்ணுக்கு ஓய்வு தரும். ஆனால் பின்வரும் வண்டியின் ஒலி காதில் விழாதபடி அதை உரக்க வைத்தலாகாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமும், ஓட்டுபவரின் கவனத்தைக் குலைக்காத வகையில் வழியறிவதற்கு மட்டுமே கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கிறது.

நெடும்பயணத்திற்கு முன், நன்கு அறிந்த சாலையில் ஒரு மணி நேரம் கருவியுடன் சென்று வாருங்கள். வழி தெரிந்த இடமாதலால் கருவியின் குறைகளைக் கவனிக்க மனம் ஓய்வாக இருக்கும். திரும்பி வந்ததும் திருகுகளை மீண்டும் இறுக்குங்கள். முதல் நாள் அதிர்வில் அவை நெகிழ்ந்திருக்கக்கூடும். பையில் காகித வரைபடம் ஒன்றையும் மறவாமல் வையுங்கள். வழியில் ஐயம் எழுமாயின், ஓடிக்கொண்டே திரையில் விடை தேடாதீர்கள். சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். தேநீர்க் கடையில் உள்ளவர்களை விசாரிக்கலாம். அதனால் இழப்பது இரண்டு நிமிடம், காப்பது உயிர்.