காவி என்றால் என்ன?

ராமேசுவரத்தில் சாமியார் கட்டியிருப்பது காவி. வெற்றிலை போடும் தாத்தாவின் பல்லில் இருப்பதும் காவி!

பெயர் ஒன்று. பொருள் எத்தனை!

கல்லும் பூவும்

காவி முதலில் ஒரு கல். இரும்புச் சத்து நிறைந்த செம்மண் இறுகியது. அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்தால் சாயம் தயார்.

கோவில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் காவிப் பட்டை அடிப்பார்கள். மாக்கோலத்துக்குக் காவிக் கரை கட்டுவார்கள்.

பழைய தமிழில் காவி என்றால் குவளைப் பூவும்தான். பெண்களின் கண்ணுக்குப் புலவர்கள் உவமை சொன்ன காவி அந்தப் பூ. கல் அல்ல!

துருவின் உறவு

காவிக்குச் சிவப்பு தருவது இரும்பு ஆக்சைடு. இரும்பில் பிடிக்கும் துருவும் அதே இனம்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரெயில் பாலத்தை உப்புக் காற்று துருவாக அரித்தது. பாலத்துக்குப் பகை; ஆனால் சுவருக்கு அழகு!

காவி எளிதில் வெளுப்பதில்லை. ஏன்? ஏற்கனவே துருவாகிவிட்டதை வெயில் என்ன செய்யும்?

வண்டி இழுத்த மன்னர்

1897 ஜனவரி 26. சிகாகோவில் முழங்கிய விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார்.

வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். மக்கள் வண்டியை இழுத்தார்கள். மன்னரும் சேர்ந்து இழுத்தார்! காவித் துறவிக்கு முடிமன்னர் செய்த மரியாதை அது.

பிறகு ராமேசுவரம் கோவிலில் விவேகானந்தர் பேசினார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்பது அந்தப் பேச்சின் சாரம்.

கொடியில் இருப்பது எது?

1947 ஜூலை 22-ந் தேதி அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றது. அதன் மேல் பட்டையையும் காவி என்கிறோம். உண்மையில் அது கேசரி நிறம். குங்குமப்பூவின் பெயரால் வந்தது. பூவின் நிறத்துக்கு மண்ணின் பெயரைச் சூட்டிவிட்டோம்!

"காவி கட்டினார்" என்றால் துறவியானார். "காவி ஏறிவிட்டது" என்றால் பல் கறைபட்டது. ஒரே சொல்தான். ஒன்றில் பெருமை, ஒன்றில் கேலி.

துணியில் காவி ஏற ஒரு முழுக்குப் போதும். அது மனசிலும் ஏறியிருக்கிறதா? துணியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பசித்தவன் வந்து நிற்கும்போது தெரிந்துவிடும்!