ஒரே ஒரு நொதி குறைந்தால்?

மாணவர்களே, நீங்கள் பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த பதிவுப் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ‘ஜி6பிடி’ என்று ஒரு வரி இருக்கலாம். தொப்புள்கொடி இரத்தத்தில் செய்த பரிசோதனையின் முடிவு அது. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்பரிசோதனை நடந்து வருகிறது. மலேசியாவிலும் செய்கிறார்கள். அதில் தேடப்படுவது ஒரே ஒரு நொதி.

என்சைம் என்று நீங்கள் படிப்பதுதான் நொதி. பெரும்பாலான நொதிகள் புரதங்களே. உயிரணுவில் நடக்கும் வேதிவினைகளை அவை பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. வினை முடிந்ததும் தாம் மாறாமல் அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிவிடுகின்றன. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதே காரணம். ஆனால் அதே அமிலேஸால் இறைச்சியின் புரதத்தை உடைக்க முடியாது. ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்குரிய சாவிதான் பொருந்தும். அதனால்தான் ஒரு நொதி குறைந்தால் அதன் வேலையை இன்னொன்று எளிதில் ஏற்க முடிவதில்லை.

ஜி6பிடியின் முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரோஜினேஸ். இரத்தச் சிவப்பணுக்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீங்கான பொருள்கள் உண்டாகின்றன. அவற்றை முறிக்க என்ஏடிபிஎச் என்னும் மூலக்கூறு தேவை. மற்ற உயிரணுக்கள் அதை வேறு வழிகளிலும் பெறும். சிவப்பணுவுக்கு ஜி6பிடி தொடங்கிவைக்கும் வினைத்தொடர் ஒன்றுதான் வழி. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை. எனவே புதிய நொதியை அதனால் தயாரிக்க முடியாது. கையில் இருப்பதை வைத்தே ஏறத்தாழ 120 நாள் வாழ வேண்டும்.

இந்நொதி குறைந்தவர்களில் பெரும்பாலோர் வழக்கமான வாழ்க்கையே வாழ்கிறார்கள். ஆனால் துணி அலமாரியில் வைக்கும் நாப்தலீன் பாச்சை உருண்டை, ஃபாவா அவரை, சில மருந்துகள், கிருமித்தொற்று ஆகியவை சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். அப்போது உடல் வெளிறும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும். பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினால் மூளையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். முன்கூட்டியே தெரிந்தால் குழந்தையைக் கண்காணித்து, ஒளிச் சிகிச்சையால் காப்பாற்றலாம்.

பிரிமகுயின் என்ற மலேரியா மருந்து சிலருக்கு மட்டும் ஏன் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது என்று தேடியபோதுதான், 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இக்குறைபாட்டைக் கண்டறிந்தனர். இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றே இருப்பதால் குறைபாடு அவர்களிடமே அதிகம் காணப்படுகிறது.

உங்கள் புத்தகத்தில் குறைபாடு என்று எழுதியிருந்தால் அஞ்ச வேண்டாம். மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள். பாச்சை உருண்டையை வீட்டுக்குள் விடாதீர்கள். நொதி குறைவாக இருந்தாலும், அந்தச் சிவப்பணுக்களுக்கு நீங்கள் செய்யும் பாதுகாப்பு அதுவே.