நிமிடத்துக்கு 128 அடி

2013 நவம்பரில் பிரிட்டனின் இசை விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது 'அனிமல்ஸ்'. பாட்டு என்று அதைச் சொல்வது கஷ்டம். பாடல் வரிகள் இல்லையென்றே சொல்லலாம். மரக்கட்டையைத் தட்டுவது போன்ற ஓர் ஒலி மேலும் கீழும் துள்ளும், அடியில் டிரம் இடிக்கும், அவ்வளவுதான். அதைச் செய்தவர் நெதர்லாந்தின் ஆம்ஸ்டெல்வீன் ஊரைச் சேர்ந்த மார்ட்டின் கேரிக்ஸ். அப்போது வயது 17. அந்த இசை அதிர்ந்த நடன விடுதிகள் பலவற்றில், டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால்கூட அவரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வர, டியெஸ்டோ என்ற டச்சு டிஜே இசை போட்டார். அதை டிவியில் பார்த்த எட்டு வயது கேரிக்ஸுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கிடார் ஏற்கெனவே கையில் இருந்தது; பிறகு எஃப்எல் ஸ்டூடியோ என்ற மென்பொருளும் வந்து சேர்ந்தது. 1997இல் பெல்ஜியத்தில் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' என்ற பெயரில் பிறந்தது அது.

அதன் திரையில் வரிசைக்குப் பதினாறு சின்னக் கட்டங்கள் இருக்கும். 1, 5, 9, 13ஆம் கட்டங்களைத் தட்டினால் 'கிக்' எனும் கனத்த டிரம் விழும். கீழ் வரிசையில் 5, 13இல் கைதட்டல். அதற்கும் கீழே 3, 7, 11, 15இல் சிம்பல் ஒலி. ஓடவிட்டால் போதும், உலகத்து நடன விடுதிகளில் பாதியில் கேட்கும் தாளம் தயார். இதைப் பார்த்துவிட்டுத்தான் 'பட்டனைத் தட்டுவதெல்லாம் ஒரு இசையா' என்று பலர் கேட்கிறார்கள். தட்டுவது சுலபம்தான். எதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் சரக்கு இருக்கிறது.

'அனிமல்ஸ்' நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் போகிறது. இந்த வகை இசைக்கு மிகவும் பழக்கமான வேகம் இது. ஓர் அடிக்கு 0.47 விநாடி, நான்கு அடி சேர்ந்தது ஒரு சுற்று, பதினாறு சுற்றுக்குச் சரியாக 30 விநாடி. கேட்பவர் எவரும் எண்ணுவதில்லை, ஆனால் உடம்பு எண்ணுகிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் 'டிராப்' என்ற வித்தை நடக்கிறது. முதலில் கனத்த ஒலிகளைச் சத்தமில்லாமல் உருவிவிடுவார்கள். சிறு டிரம்மின் அடி இரட்டிக்கும், மறுபடி இரட்டிக்கும். ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு கணம் வெறுமை. அடுத்து எது வரும், எப்போது வரும் என்று அரங்கில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே காத்திருக்கிறார்கள், காத்திருந்த கிக் இடியாக விழுகிறது.

இந்தக் காத்திருப்புக்கு மூளையில் தனி இடமே இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் ஆய்வாளர்கள், மனிதர்கள் தமக்குப் பிடித்த இசையைக் கேட்கும்போது அவர்கள் மூளையைப் படம் எடுத்து 2011இல் வெளியிட்டார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில் ஒரு பகுதியில் டோபமைன் சுரந்தது. அதற்குச் சில விநாடி முன்பே, எதிர்பார்ப்பின்போது, வேறொரு பகுதியில் சுரந்துவிட்டிருந்தது. அதில் பயன்பட்ட இசை பல வகை, டிஜே இசை மட்டும் அல்ல. ஆனால் அந்த முன்கணத்தையே நீட்டி நீட்டித் தொழிலாக்கியவர்கள் டிஜேக்கள்தான்.

காதுக்கு எட்டாத ஒலிக்கும் இதில் பங்கு உண்டு. தவில் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிருமே, அந்தச் சங்கதிதான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு மின்னிசை இரட்டையர் நிகழ்ச்சி நடத்தினார்கள். விநாடிக்கு 8 முதல் 37 அதிர்வுவரை உள்ள மிகத் தாழ்ந்த ஒலியைச் சிறப்பு ஸ்பீக்கர்களில் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். அது ஒலித்தபோது கூட்டத்தின் அசைவு 11.8 விழுக்காடு கூடியது. அந்த ஒலி இருக்கிறதா இல்லையா என்று தனியாக வைத்த சோதனையில் கேட்டவர்களால் சொல்ல முடியவில்லை. 2022இல் வெளியான ஆய்வு இது.

கேரிக்ஸின் மேல்நோக்கிய பயணத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: 2016இல், இருபது வயதில், டிஜே மேக் இதழின் உலகப் பட்டியலில் முதலிடம், அதற்குமுன் அத்தனை இளையவர் யாரும் அங்கே நின்றதில்லை. அதே ஆண்டில் சொந்த இசை நிறுவனம். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் இசை போட்டவர் அவரே.

படுக்கையறைக் கணினியில் வராத ஒரு சிக்கல் இந்த மாதிரி மேடையில் வரும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 80 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குக் கிக் போய்ச் சேரும்போது அரை அடி தாமதம். முன்வரிசை மேலே எம்பும்போது அவர் கீழே இறங்கிக்கொண்டிருப்பார். 160 மீட்டர் தள்ளிப் போனால் முழுதாக ஓர் அடி பிந்திவிடும், ஆனால் ஆட்டம் மறுபடி முன்வரிசையோடு பொருந்திவிடும். நடுவே கோபுரம் கட்டி ஸ்பீக்கர் தொங்கவிட்டாலும், மேடையிலிருந்து வரும் ஒலியோடு மோதாதிருக்க அதற்கும் அதே தாமதத்தைக் கொடுத்தாக வேண்டும். இனி கூட்டத்தின் கைதட்டல். 80 மீட்டரிலிருந்து அது திரும்பி வர இன்னொரு அரை அடி ஆகும்; மற்ற தூரங்களிலிருந்து வருவது வேறு வேறு நேரத்தில் வந்து சேரும். அதைக் கேட்டுத் தாளத்தைப் பிடித்தால் டிஜே கவிழ்ந்தார். அதனால்தான் அவர் பக்கத்திலேயே தனியாக ஒரு ஸ்பீக்கர், காதில் ஹெட்போன்.