கரிசலில் இறங்கும் பழைய ஜீப்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் தார்ச்சாலையை விட்டு, ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காட்டுப்பாதையில் வண்டியை இறக்க டிராக்டர்காரர்களே யோசிப்பார்கள். கரிசலின் குணம் அப்படி. அதிலுள்ள களிமண், ஸ்மெக்டைட் என்னும் வகையைச் சேர்ந்தது. மெல்லிய தகடுகள் அடுக்கிய நுண்படிகங்கள் அவை. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். வற்றினால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் கை நுழையுமளவு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே நிலம், மழையில் டயரின் பள்ளங்களையெல்லாம் அப்பி மூடி, புது டயரையும் மொட்டையாக்கிவிடும்.

இந்த மண்ணுக்காகப் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, காயலான் கடைச் சாமான்களைக் கொண்டு ஓடவைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் ஜீப்பின் பலம் எஞ்சினில் இல்லை, பல்சக்கரங்களில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவற்றின் எஞ்சின் தந்தது வெறும் 60 குதிரைத்திறன். போர் முடிந்தபின் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. நம் ஊர்ப் பக்கம் 'வில்லிஸ்' என்றாலே நினைவுக்கு வரும் உயர்ந்த மூக்கு ஜீப், 1953-ல் அமெரிக்காவில் வந்த சிஜே-3பி. மூக்கு உயர்ந்ததற்குக் காரணம் அழகல்ல. புது எஞ்சினில் காற்றை உள்ளே விடும் வால்வு, பக்கவாட்டிலிருந்து தலைப்பகுதிக்கு ஏறியது. எஞ்சின் உயர்ந்ததால் பானெட்டும் உயர வேண்டியிருந்தது.

அந்த வண்டியின் கியர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் கியர் 2.8. முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46. ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37. அதாவது எஞ்சின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். இழுவிசை அத்தனை மடங்கு பெருகும், வேகம் அத்தனை மடங்கு குறையும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர்கூடப் போகாது. ஈரக் கரிசலுக்கு வேண்டியது இந்த மந்தநடைதான். சக்கரம் வீணாகச் சுழன்றால் மேல்மண் வழுவழுப்பாகத் தேய்ந்து பிடிமானம் போய்விடும். மெல்ல உருண்டால் டயர் மண்ணைக் கவ்வும்.

இப்போது அந்த வண்டியில் 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு, பார்வைக்காக 33 அங்குல டயர் மாட்டினால் என்ன ஆகும்? சக்கரத்தின் இழுவிசை 15 சதவீதம் குறையும். ஸ்பீடோமீட்டர் 40 என்று காட்டும்போது வண்டி 47-ல் போய்க்கொண்டிருக்கும். கூடுதல் கனம் ஆக்சிலையும் பேரிங்கையும் தின்னும். மாட்டியவர் மட்டும் வண்டி மிடுக்காக இருக்கிறது என்பார்.

எஞ்சின் மாற்றுவது நம் நாட்டில் புதிதல்ல. மகிந்திராவே பி-275 டிராக்டரின் டீசல் எஞ்சினை ஜீப்புக்குள் வைத்து விற்றிருக்கிறது. ஹரியானாவின் மண்டி டப்வாலி, பழைய ஜீப்புகளை உருமாற்றித் தரும் பட்டறைகளுக்கே பேர்போன ஊர். தமிழ்நாட்டில் கழற்றிய பாகம் என்றால் சென்னைப் புதுப்பேட்டை. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றும் ஜீப்புகளை மலைப்பாதையில் ஓடவைத்துக்கொண்டிருப்பதும் உள்ளூர்ப் பட்டறைகளின் கைவண்ணம்தான்.

சிக்கல், ஒரு பாகத்தை மாற்றினால் அது அடுத்த பாகத்தைப் பிடித்து இழுப்பதில் இருக்கிறது. பழைய வில்லிஸில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் வரும் இணைப்பு வண்டியின் நடுவில் இல்லை, ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கிறது. நடுவில் டிஃபரன்ஷியல் உள்ள வேறு வண்டியின் பின் ஆக்சிலை மாட்டினால் புரொபெல்லர் ஷாஃப்ட் கோணலாகும். இரு முனைகளிலும் உள்ள யு-ஜாயின்ட்டுகளின் கோணம் ஒத்துப்போகாவிட்டால் ஷாஃப்ட் ஒரே சுற்றுக்குள் வேகம் கூடிக் குறைந்து அதிரும்.

பிரேக்கிலும் இதே கதை. அந்தக் கால ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஒரு குழாய் ஒழுகினால் பெடல் தரை தட்டும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் மாட்டுவதுதான், காயலான் கடைச் சாமானால் செய்யக்கூடிய ஆக உருப்படியான மாற்றம். ஆனால் பூஸ்டருக்கு வெற்றிடம் தேவை. பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும்போதே அது கிடைத்துவிடும். டீசலில் காற்றை மறிக்கும் கதவு கிடையாது. ஆகவே வெற்றிட பம்ப் தனியாக வேண்டும். பல டீசல் எஞ்சின்களில் இது ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கும். எஞ்சினை வாங்கிவிட்டு ஆல்டர்னேட்டரை விட்டுவிட்டு வருபவர்கள் அலைய வேண்டியதுதான்.

கமான் பட்டையைத் திருப்பாச்சேத்திக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லாரிப் பட்டை அரிவாளாவது அந்தப் பக்கத்து உலைக்களங்களில் பழகிய வேலை. சூட்டையும் குளிர்ச்சியையும் அளந்து கொடுத்துத்தான் அந்த எஃகுக்கு விறைப்பு ஏற்றியிருப்பார்கள். முறிந்த பட்டையை வெல்டு வைத்தால் அந்த அளவு குலைந்து, வெல்டை ஒட்டிய இடம் நொறுங்கும் தன்மைக்கு மாறும். பள்ளத்தில் விழும்போது அங்கேயே உடையும். வேறு பட்டை தேடுவதுதான் வழி.

வறண்ட சீமையில் வண்டி கிடந்ததில் ஒரு லாபம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு துருப்பிடிப்பது வெகுவாகக் குறையும். ஆனால் சேஸிஸ் இடுக்கில் அப்பிக் காய்ந்த கரிசல், அடுத்த மழையின் ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். துரு முதலில் அரிப்பது அங்கேதான். சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைசலில் மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் நெகடிவ் முனையைப் பாகத்திலும் பாசிட்டிவ் முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டினால் துரு கழன்றுவிடும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வரை மாட்டக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் கரைந்து நஞ்சாகும்.

அப்புறம் ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 50 வயது கடந்த வண்டிகளுக்கென 2021-ல் வந்த விதிகள் 'விஏ' எழுத்துள்ள தனிப் பதிவெண் தருகின்றன. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும்; கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். பிற்பாடு டிராக்டர் எஞ்சின் ஏற்றிய ஜீப்புக்கு அந்த எண் கிடைக்காது. எஞ்சின் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதனால் புதுப்பேட்டையில் எஞ்சினுக்கு விலை பேசும்போதே அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்கான ரசீதையும் கேட்டு வாங்குகிறார்கள், விவரம் தெரிந்தவர்கள்.