நினைவில்லாதவருக்கும் வலிக்குமா?

"நினைவே இல்லாதவருக்கு வலி எப்படித் தெரியும்?" விபத்தில் தலைக்காயம் பட்டு மாதக்கணக்கில் படுத்திருப்பவரின் கட்டிலருகே இப்படிச் சொல்பவர்கள் உண்டு. மருத்துவ உலகிலேயே இதற்கு ஒரே பதில் இல்லை. கண் திறந்தும் உணர்வற்றிருப்பவருக்கு வலி தெரியும் என்று, 2009-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 56 சதவீத மருத்துவர்கள்தான் கூறினர். செவிலியர் உள்ளிட்ட பிற பராமரிப்பாளர்களில் 68 சதவீதம் பேர் அப்படிக் கூறினர்.

உணர்வற்றவர் என்ற முடிவே தவறாக இருக்கலாம். அப்படி முடிவு கட்டப்பட்ட 44 பேரை, அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில் முறையான அளவுகோலால் மறுபடி சோதித்தபோது, 18 பேருக்கு ஓரளவு உணர்வு இருந்தது.

பெல்ஜியத்தின் லீஜ் நகர ஆய்வாளர்கள் 2008-ல் இன்னொன்றைக் காட்டினர். மங்கலாகவேனும் உணர்வுள்ளவர்களின் மணிக்கட்டு நரம்பில் மின்தூண்டல் கொடுத்தபோது, வலியை உணரும் மூளைப் பகுதிகள் ஆரோக்கியமானவர்களுக்கு இயங்குவதுபோலவே இயங்கின. கனடாவில் பத்தாண்டுக்கு மேல் உணர்வற்றவராகக் கருதப்பட்ட ஒருவர், 'வலிக்கிறதா' என்ற கேள்விக்கு 2012-ல் மூளை ஸ்கேன் வழியே 'இல்லை' என்று பதில் சொன்னார்.

ஸ்கேன் வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் கட்டிலருகிலேயே பயன்படுத்தக்கூடிய 'நொசிசெப்ஷன் கோமா ஸ்கேல்' என்ற அளவுகோலை லீஜ் குழுவினர் 2010-ல் வெளியிட்டனர்; 2012-ல் திருத்தினர். நகத்தின் மேல் அழுத்தம் கொடுத்து, கைகால் அசைவு, குரல், முகச்சுளிப்பு மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 9.

இப்படிப் படுத்திருப்பவருக்கு வலி வரக் காரணங்கள் பல: படுக்கைப்புண், இறுகிப்போன தசை, மடங்கி முடங்கிய மூட்டு, கவனிக்காமல் விட்ட எலும்பு முறிவு, மலச்சிக்கல், தொண்டைக் குழாய், அடைத்துக்கொண்ட சிறுநீர்க் குழாய். இவற்றைக் கண்டுபிடிக்காமல் தூக்க மருந்தை மட்டும் கூட்டினால், மிச்சமிருக்கும் விழிப்பும் மங்கிப்போகும். மருந்தே தராமல் விட்டாலோ வலி நீடிக்கும். ஆகவே மருந்துக்கு முன்னும் பின்னும் மதிப்பெண் எடுத்து ஒப்பிடுவது அவசியம். நினைவு எந்த நிலையில் இருந்தாலும், வலி இருக்கக்கூடும் என்று நியாயமாகச் சந்தேகித்தால் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2018-ல் வந்த அமெரிக்க நரம்பியல் வழிகாட்டுதல்.

குடும்பத்தாரின் கண் பெரிய துணை. புரட்டிப் படுக்க வைக்கும்போது, சளி உறிஞ்சும்போது, பிசியோதெரபியின்போது முகம் எப்படி மாறுகிறது என்பதை நேரத்தோடு குறித்து வைக்கலாம். சிறு வீடியோவும் உதவும். நாடித்துடிப்பு கூடியதை மட்டும் வைத்து வலி என்று முடிவு செய்ய வேண்டாம். காய்ச்சலிலும் அது கூடும்.

இந்தியாவில் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில், சிகிச்சை விவரம் அறிவது, வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்பது இரண்டும் உரிமைகளாக உள்ளன. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. மார்பின் போன்ற வலி மருந்துகள் கிடைப்பதை எளிதாக்கப் போதைப்பொருள் சட்டமும் 2014-ல் திருத்தப்பட்டது.

கவனக்குறைவு என்று தோன்றினால் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். அதற்கெல்லாம் முன்பு, ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: வலியை எந்த அளவுகோலில் பார்த்தீர்கள்? மதிப்பெண் என்ன? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.